வாசல் ஒன்றுதான்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரையிலிருந்து என் சித்தி மகள் கூப்பிட்டாள். "அண்ணே, நான் எட்டுன்னுதான் போட்டேன். ராத்திரி ஒன்றரைக்குப் போயிருக்கு" என்றாள். இரவெல்லாம் தூங்காத குரல்.

அவள் சுங்குடிச் சேலை விற்கிறாள். தனியாகக் கடை கிடையாது. வீட்டின் முன்னறையில் இரண்டு பீரோ, ஒரு மேசை, ஒரு போன். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றிலும் வியாபாரம் நடக்கிறது. வியாழக்கிழமை இரவு 8 முதல் 10 மணி வரை மட்டும் ஆடித் தள்ளுபடி என்று ஒரு பதிவைத் தயார்செய்து, புதிதாகச் சந்தா கட்டிய ஒரு சமூக ஊடக மேலாண்மைக் கருவியில் 20:00 என்று நேரம் குறித்துவிட்டு, சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். எட்டு மணிக்கு எதுவும் நடக்கவில்லை. பதிவு வெளியானபோது மதுரையில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. சிங்கப்பூரில் இருக்கும் அவளுடைய வாடிக்கையாளர்களுக்கு விடியற்காலை நாலு.

எட்டு எப்படி ஒன்றரை ஆனது? கணினிகள் நேரத்தை ஊர்க் கடிகாரத்தில் வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை நொடிகள் ஆயின என்று ஒரே ஓர் எண்ணாகத்தான் பெரும்பாலும் வைத்திருக்கின்றன. அந்த எண் உலகப் பொது நேரத்தைச் சார்ந்தது, அதை யூ.டி.சி. என்பார்கள். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அவள் கணக்கில் நேர மண்டலத்தை யாரும் மாற்றி வைக்காததால், கருவி அவள் போட்ட 20:00-ஐ யூ.டி.சி. என்றே எடுத்துக்கொண்டது. இருபதோடு ஐந்தரையைக் கூட்டினால் இருபத்தைந்தரை; அதாவது மறுநாள் அதிகாலை ஒன்றரை. "நேரம் குறித்து வெளியிடுதல்" என்ற வசதிக்குள்ளே இருப்பது ஒரு பட்டியலும், அதை அடிக்கடி எழுந்து பார்க்கும் ஒரு சின்ன நிரலும்தான். யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1979-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கிரான் என்ற பெயரில் இந்த வேலைக்கு ஒரு நிரல் இருந்தது. வேலை அன்றும் இன்றும் அதேதான்: பட்டியலைப் பார், நேரம் வந்துவிட்டதா என்று பார், வந்திருந்தால் அனுப்பு.

அமைப்புகளுக்குள் போய் நேர மண்டலத்தை மாற்றிக் கொடுத்தேன். பிறகு அவள் கேட்ட கேள்விக்குத்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "எந்த டூல்ணே நல்லது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க." அடுத்த ஒரு மாதம், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கருவிகள் இன்ஸ்டாகிராமுக்குள் எப்படி நுழைகின்றன என்று பார்க்க வேண்டும். நாம் போனில் ஆப்பைத் திறந்து விரலால் தொட்டுப் பதிவிடுகிறோம். வெளியார் எழுதிய நிரலுக்கு விரல் கிடையாது. அதற்காகத் தளமே ஒரு தனி வாசல் திறந்து வைத்திருக்கிறது. அதன் பெயர் ஏ.பி.ஐ. இந்த வாசலில் என்ன கேட்கலாம், எந்த வடிவத்தில் கேட்க வேண்டும், மணிக்கு எத்தனை தடவை கேட்கலாம் என்பதெல்லாம் தளம் எழுதிய விதிகள். "இந்தப் படத்தை இந்தக் கணக்கில் போடு" என்று கேட்கலாம். "நேற்றைய பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள்" என்றும் கேட்கலாம். பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டால் பதில் வராது.

மாதம் ஆயிரம் ரூபாய்க் கருவியும் இருபதாயிரம் ரூபாய்க் கருவியும் இதே வாசலில்தான் வரிசையில் நிற்கின்றன. இது ஒன்றைப் பிடித்துக்கொண்டாலே விளம்பரங்களில் பாதி தானாக உதிர்ந்துவிடும்.

ரீல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் ஆப்புக்குள் இருக்கும் பாடல் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டை எடுத்து ரீல்ஸில் சேர்க்கும் வசதி வெளிக் கருவிகளுக்குத் தரப்படவில்லை. பாட்டு வேண்டுமென்றால் கருவி நேரம் வந்ததும் உங்கள் போனுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பும். நீங்களே ஆப்பைத் திறந்து முடிக்க வேண்டும். அவள் இதற்காகவே ஒரு கருவியை விட்டு இன்னொன்றுக்கு மாற இருந்தாள். மாறியிருந்தாலும் அங்கேயும் அதே நினைவூட்டல்தான் வந்திருக்கும்.

வாசலை மூடுவதும் தளத்தின் கையில்தான். ஃபேஸ்புக் பயனர்களின் தரவு அவர்கள் அனுமதியின்றிக் கைமாறிய கேம்பிரிட்ஜ் அனாலிடிக்கா விவகாரம் வெடித்த 2018-இல், இன்ஸ்டாகிராம் தன் பழைய ஏ.பி.ஐ.யில் ஒரு பயனருக்கு மணிக்கு 5,000 அழைப்பு என்றிருந்த வரம்பைத் திடீரென 200 ஆக்கியது. ஃபேஸ்புக் குழுக்களில் வெளிக் கருவி வழியாகப் பதிவிடும் வசதி 2024 ஏப்ரலில் நின்றது. எந்த நிறுவனத்துக் கருவியானாலும் சரி, எல்லாவற்றிலும் நின்றது. ட்விட்டர் 2023-இல் தன் ஏ.பி.ஐ.க்குக் கட்டணம் வைத்ததும், அதுவரை இலவசமாக அந்த வசதியைத் தந்துவந்த பல சிறு கருவிகள் கையைப் பிசைந்தன. சில நேரம் தளமே இல்லாமலும் போகும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடைசெய்தபோது, டிக்டாக்குக்காக எந்தக் கருவி வாங்கியிருந்தாலும் ஒன்றுதான்.

ஆகவே இணையத்தில் கிடைக்கும் ஒப்பீட்டு அட்டவணைகளில் பச்சை டிக் வரிசையாக விழும் இடங்களை வேகமாகத் தாண்டிப் போகலாம். பதிவிடலாம், நேரம் குறிக்கலாம், பார்வைக் கணக்கு பார்க்கலாம் என்பவை வாசல் எல்லோருக்கும் தருவது. வாசலுக்கு இந்தப் பக்கம், கருவி தன் சொந்த மூளையால் செய்வது என்ன என்று தேடினால்தான் வித்தியாசம் தெரிகிறது. நாங்கள் அதில் நான்கு இடங்களில் நேரம் செலவழித்தோம்: சாவி, கணக்கு, பதில், மொழி.

சாவி என்றது அனுமதியை. ஒரு காலத்தில் இந்த மாதிரிக் கருவிக்கு உங்கள் பாஸ்வேர்டையே கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுச் சாவியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதைப் போல. இதைத் தீர்க்க வந்த ஏற்பாடு ஓஆத். 2007-இல் முதல் வடிவம் வந்தது. இப்போது பரவலாக இருக்கும் இரண்டாம் வடிவம் 2012-இல் தரமாக்கப்பட்டது. 2010 ஆகஸ்ட் கடைசியில் ட்விட்டர் தன் ஏ.பி.ஐ.யில் பாஸ்வேர்டு வழியை அடைத்து இதை மட்டும் வைத்துக்கொண்டது. கருவியில் "இணை" என்ற பொத்தானை அழுத்தியதும் இன்ஸ்டாகிராமின் சொந்தப் பக்கம் திறந்து, "இந்தச் செயலிக்குப் பதிவிட அனுமதி தரலாமா, செய்திகளைப் படிக்க அனுமதி தரலாமா" என்று கேட்கிறதே, அதுதான் ஓஆத். நீங்கள் சம்மதித்தால், தளம் ஒரு டோக்கனைக் கருவியிடம் கொடுக்கிறது. டோக்கன் என்பது நீண்ட எழுத்துச் சரம். அதைக் காட்டினால் சம்மதித்த வேலைகளை மட்டும் செய்யலாம். பாஸ்வேர்டை மாற்றாமலேயே அந்த டோக்கனை மட்டும் ரத்துசெய்துவிடலாம்.

டோக்கனும் திருட்டுப் போகும். 2013 அக்டோபரில், இத்தகைய கருவி ஒன்றை நடத்தும் பஃபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், அதன் பயனர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகளில் உடல் இளைக்கும் விளம்பரங்களைப் போட்டுத் தள்ளினார்கள். யாருடைய பாஸ்வேர்டும் போகவில்லை. டோக்கன்கள் மறையாக்கம் செய்யப்படாமல் கிடந்தன, அவை போயின. நிறுவனம் அதை ஒளிக்காமல் உடனுக்குடன் பயனர்களிடம் சொன்னது, டோக்கன்களை மறையாக்கமும் செய்தது. அந்த நேர்மைக்காக அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அன்று பாதிக்கப்பட்ட கடைக்காரரைப் பொறுத்தவரை, தன் பெயரில் தான் சொல்லாத ஒன்றைத் தன் வாடிக்கையாளர் படித்துவிட்டார்.

சின்ன வியாபாரத்தில் இன்னும் பக்கத்திலேயே இருக்கும் ஆபத்து வேறு. பகுதிநேரமாக வேலை பார்த்த பையனிடம் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைச் சொல்லியிருப்போம். அவன் வேலையை விட்டுப் போயிருப்பான். ஓடிபி இன்னும் அவன் எண்ணுக்குத்தான் போகும். ஒரு கருவிக்குப் பணம் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் இதுதான். ஆளுக்கொரு லாகின், ஆளுக்கேற்ற அதிகாரம். ஒருவர் எழுதி வைக்கலாம், வெளியிட முடியாது. இன்னொருவர் பதில் சொல்லலாம், அழிக்க முடியாது. ஆள் போனால் அவர் லாகினை மட்டும் நீக்கினால் போதும். இதைச் சரியாகச் செய்யும் கருவியா என்று பார்க்க, விற்பனையாளர் வேண்டாம். இலவசச் சோதனைக் காலத்தில் உங்கள் வீட்டிலேயே ஒருவரைச் சேர்த்து, அதிகாரத்தைக் குறைத்து, பிறகு நீக்கிப் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. இங்கேதான் அறிவியல் அதிகம் தேவைப்படுகிறது, ஏமாற்றமும் இங்கேதான் அதிகம்.

நிறையக் கருவிகள் "பதிவிடச் சிறந்த நேரம்" என்று ஒன்றைக் காட்டும். அவளுடைய கருவி இரவு 8 என்று காட்டியது. அவள் இரண்டு வருஷமாகப் பெரும்பாலும் இரவு 8 மணிக்குத்தான் பதிவிட்டுவருகிறாள். காலை 11 மணிக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கருவி எங்கே போய்ப் பார்த்தது? தன்னிடம் இருக்கும் தரவுக்குள்தான் அது தேட முடியும். போதாததற்கு, இன்ஸ்டாகிராம் 2016-இல் நேர வரிசையைக் கைவிட்டு, யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்து அடுக்கும் முறைக்கு மாறிவிட்டது. இரவு எட்டுக்குப் போட்டது ஒருவர் திரையில் மறுநாள் மத்தியானம் வரலாம். முதல் சில மணி நேரத்து வரவேற்பு பயன்படும் என்பதை மறுக்கவில்லை; நிமிடக் கணக்காகக் காட்டப்படும் துல்லியத்தைத்தான் நான் நம்புவதில்லை.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. நாலு வாரம், தினமும் ஒரு நாணயத்தைச் சுண்டினாள். தலை விழுந்தால் காலை 11, பூ விழுந்தால் இரவு 8. நாணயம் எதற்கு என்று கேட்டாள். நல்ல சேலை வந்த நாளில் மனசு தானாக எட்டு மணியைத் தேர்ந்தெடுத்துவிடும். பிறகு வந்த கூட்டம் சேலைக்கா, நேரத்துக்கா என்று பிரித்தறிய முடியாது. மருந்துச் சோதனைகளில் யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மாத முடிவில் 28 பதிவுகள் இருந்தன. சராசரி எடுத்தால் காலைப் பதிவுகள் ஏகத்துக்கு முன்னால் நின்றன. ஆனால் அதில் ஒரு பதிவை யாரோ பெரிய கணக்கு வைத்திருப்பவர் பகிர்ந்திருந்தார். பத்துப் பதிவில் ஒன்பது தலா 300 பேரைச் சென்றடைந்து, ஒன்று மட்டும் 9,300 பேரைச் சென்றடைந்தால் சராசரி 1,200 வரும்; அந்த 1,200-ஐ எந்தப் பதிவும் தொட்டிருக்காது. சமூக ஊடக எண்களில் இப்படி ஒன்றிரண்டு பூதங்கள் எப்போதும் இருக்கும். அதனால் எண்களை வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுக்க வேண்டும். அப்படி எடுத்துப் பார்த்தபோது காலைக்கும் இரவுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 28 பதிவு சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் "சிறந்த நேரம்" வசதிக்காக அடுத்த விலைப்படிக்கு ஏற வேண்டாம் என்று முடிவெடுக்க அது போதும்.

கணக்கில் இன்னொரு கண்ணி வகுக்கும் எண். 60 பேர் விருப்பம் போட்ட ஒரு பதிவு. பின்தொடர்பவர்கள் 4,000. பார்த்தவர்கள் 600. ஒரு கருவி 60-ஐ 4,000-ஆல் வகுத்து ஈடுபாடு 1.5 விழுக்காடு என்கிறது. இன்னொன்று 600-ஆல் வகுத்து 10 விழுக்காடு என்கிறது. கருவி மாற்றியதும் வியாபாரம் கிட்டத்தட்ட ஏழு மடங்கு சூடுபிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. இதில் பெரிய தளங்களே சறுக்கியிருக்கின்றன. ஃபேஸ்புக் காணொளிகளைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று காட்டிய எண் தவறு என்று 2016 செப்டம்பரில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. மொத்தப் பார்வை நேரத்தை, மூன்று விநாடிக்கு மேல் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் மட்டும் வகுத்திருந்தார்கள். சீக்கிரமே தள்ளிவிட்டுப் போனவர்கள் வகுக்கும் எண்ணில் இல்லாததால் சராசரி ஊதிப்போனது. 60 முதல் 80 விழுக்காடு வரை கூடுதலாகக் காட்டியிருக்கலாம் என்று ஒரு விளம்பர நிறுவனத்திடம் அவர்களே தெரிவித்தார்கள். ஆகவே எந்தக் கருவியானாலும், அறிக்கையில் ஒரு விழுக்காட்டைப் பார்த்தால் கீழே என்ன எண் இருக்கிறது என்று தேடுங்கள். அதை எழுதி வைக்காத கருவியை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, பதில். சுங்குடிச் சேலை விற்பவரிடம் வாடிக்கையாளர் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "புள்ளி கையில கட்டினதா, அச்சா?" துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி, முடிச்சுப்போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த சேலையில் முடிச்சின் சுருக்கம் கொஞ்ச நாள் நிற்கும். புள்ளிகளும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அவள் கையில் ஒரு சேலையைப் பிரித்துக் காட்டினாள். மாம்பழ மஞ்சளில் சிவப்பு விளிம்பு, ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஓர் அரிசி அளவு சுருக்கம். படத்தில் இது தெரியாது. அதனால் கேட்பார்கள். சிலர் பதிவின் கீழே, சிலர் இன்ஸ்டாகிராம் செய்தியில், சிலர் ஃபேஸ்புக்கில். பதில் வரத் தாமதமானால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

ஒரு வாரம் எண்ணச் சொன்னேன். ஒரு நாளுக்குச் சுமார் 60 கேள்விகள், அவள் விழித்துப் பதில் சொல்லும் 12 மணி நேரத்துக்குள். மணிக்கு 5. ஒரு கேள்விக்குப் பதில் போக எடுத்த சராசரி நேரம் நாலு மணி. இந்த இரண்டு எண்ணும் இருந்தால் மூன்றாவது தானாக வரும். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி அது: வரிசையில் சராசரியாக எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது, வருகை வேகத்தைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். ஐந்தை நாலால் பெருக்கினால் இருபது. எந்த நேரம் பார்த்தாலும் சராசரியாக இருபது பேர் அவள் வாசலில் பதிலுக்காக நிற்கிறார்கள். இதைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. "இருபது பேரா?" என்று திரும்பக் கேட்டாள். முன்னறையில் இருபது பேர் நின்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

எல்லாத் தளத்துச் செய்தியும் ஒரே பட்டியலில் வருவது, அடிக்கடி சொல்லும் பதிலைச் சேமித்து வைப்பது, ஒரு செய்தியை ஒருவர் எடுத்துக்கொண்டால் மற்றவருக்கு அது தெரிவது ஆகிய மூன்றும் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். கடைசியானது இல்லாவிட்டால் ஒரே வாடிக்கையாளருக்கு இருவர் இரண்டு விலை சொல்லும் சங்கடம் வரும். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் மட்டும் என்றால், அவற்றின் தாய் நிறுவனமே தரும் மெட்டா பிசினஸ் சூட் இதில் பெரும்பகுதியை இலவசமாகவே செய்கிறது. நிறையப் பேர் அதைத் திறந்து பார்க்காமலேயே சந்தா கட்டுகிறார்கள்.

வாட்ஸ்அப்புக்கு வேறு விதி. 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் சின்னக் கடைகளுக்கானது. பொருள் பட்டியல், லேபிள், சேமித்த பதில் எல்லாம் அதிலேயே உண்டு. வெளிக் கருவியோடு சேர்க்க வேண்டுமென்றால் அதன் ஏ.பி.ஐ.க்குப் போக வேண்டும். அங்கே வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரம் தாராளமாகப் பதில் எழுதலாம். அது கடந்தால், முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வார்ப்புருச் செய்தியைத்தான் அனுப்ப முடியும், அதற்குக் கட்டணமும் உண்டு. பேசிப் பேசி விற்கும் ஒருவருக்கு இது சங்கடம். அவளை ஆப்பிலேயே இருக்கச் சொன்னேன்.

நாலாவது, மொழி. தமிழில் வியாபாரம் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், ஏனென்றால் இதை நமக்காக வேறு யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

"பொங்கல்" என்ற சொல்லை எடுங்கள். நம் கண்ணுக்கு நாலு எழுத்து: பொ, ங், க, ல். யூனிகோடில் இது ஏழு குறியீடுகள்: ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி. யூ.டி.எஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் இருபத்தொன்று. எழுத்து வரம்புள்ள ஒரு தளத்துக்கு எழுதும்போது கருவி எதை எண்ணுகிறது? எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளம் தமிழில் குறியீடுகளை எண்ணுகிறது, அதாவது ஏழு. பைட்டை எண்ணும் கருவி பாதி வழியிலேயே இடம் முடிந்துவிட்டது என்று சொல்லும். நாலு என்று எண்ணும் கருவி எல்லாம் சரி என்று சொல்லிவிடும்; அனுப்பும்போது தளம் திருப்பியடிக்கும்.

ஹாஷ்டேக்கிலும் இதே சிக்கல். உரையிலிருந்து சொற்களைப் பிரிக்க நிரலாளர்கள் வழக்கமாக எழுதும் ஒரு சின்னச் சூத்திரம், பைத்தான் மொழியில் உயிர்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. அதைக் கொண்டு "பொங்கல்" என்பதைப் பிரித்தால் "ப", "ங", "கல" என்று மூன்று துண்டு வரும். எந்த ஹாஷ்டேக் நன்றாகப் போனது என்று அறிக்கை கேட்டால், இப்படி எழுதப்பட்ட கருவி இந்த "ப"வைத்தான் காட்டும். சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்: தமிழில் ஒரு பதிவு, தமிழ் ஹாஷ்டேக், புள்ளி வைத்த எழுத்துகள் நிறைந்த ஒரு வரி, போட்டுவிட்டு அறிக்கையைத் திறந்து பாருங்கள்.

இதைவிடக் கடினமானது மனநிலைக் கணிப்பு. வாடிக்கையாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா, கோபமாக இருக்கிறார்களா என்று கருத்துகளைப் படித்துப் பச்சை, சிவப்பு போடும் வசதி; பெரும்பாலும் விலை கூடிய திட்டங்களில் மட்டும் இருக்கும். அவள் பதிவின் கீழே ஒருவர் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார்: "கலர்ல கொன்னுட்டீங்கக்கா." சோதனைக்குப் போட்ட கருவி இதற்குச் சிவப்புப் போட்டது. "சேலை சூப்பர், பார்சல் வந்த லட்சணம்தான்..." என்று இன்னொருவர் எழுதியதற்குப் பச்சை. கருவியைக் குறைசொல்ல முடியாது. இந்தக் கலப்பு மொழியைக் கற்றுக்கொள்ள அதற்குத் தரவு மிகக் குறைவு. 2020-இல் பாரதி ராஜா சக்கரவர்த்தி முதலான ஆய்வாளர்கள் யூடியூப் கருத்துகளிலிருந்து 15,744 தமிழ்-ஆங்கிலக் கலப்பு வாக்கியங்களைச் சேகரித்து, ஒவ்வொன்றையும் மனிதர்களைக் கொண்டு அடையாளமிட்டு வெளியிட்டார்கள். மிகப் பெரிய உழைப்பு. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்கு இருப்பவற்றோடு ஒப்பிட்டால் அது ஒரு கைப்பிடி. அது பெருகும்வரை, நாளைக்கு அறுபது கருத்து வரும் கடையில் அவற்றைக் கடைக்காரரே படிப்பதுதான் நம்பகமானது.

விலை பற்றிச் சுருக்கமாக. பஃபர் போன்றவை ஒரு கணக்குக்கு இவ்வளவு என்று வசூலிக்கின்றன. ஸ்ப்ரவுட் சோஷியல் போன்றவை ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று. மூன்று கணக்கும் ஓர் ஆளும் உள்ள கடைக்கு முதல் வகை எட்டக்கூடியது. மூன்று கணக்கை ஆறு பேர் பார்க்கும் நிறுவனத்துக்கு இரண்டாம் வகையில் பில் ஏறும். விலையைத் தாண்டி, எந்தத் தேவைக்காகப் பிறந்ததோ அந்தத் தேவை ஒவ்வொரு கருவியின் முகத்திலும் இன்னும் தெரிகிறது. 2008-இல் வான்கூவரில் பிறந்த ஹூட்சூட் பல ட்விட்டர் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வந்தது. 2010-இல் இங்கிலாந்தில் தொடங்கிய பஃபர் பதிவுகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்ப. சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட ஸோஹோ 2015-இல் கொண்டுவந்த ஸோஹோ சோஷியல், அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர் பதிவேட்டோடு சேர்ந்து வேலை செய்யும். ஏற்கெனவே ஸோஹோவில் கணக்கு வழக்கு வைத்திருப்பவர்களுக்கு அது கைக்கு அடக்கமாக இருக்கும். இலவசத் திட்டத்தை நம்பி வேலைமுறையை அமைத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். ஹூட்சூட் தன் இலவசத் திட்டத்தை 2023-இல் நிறுத்தியது. சேரும் முன்பே, விலகும்போது பழைய பதிவுகளையும் எண்களையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

அவள் கடைசியில் எடுத்த முடிவு: சந்தாவை நிறுத்தினாள். பதிவிடவும் பதில் சொல்லவும் மெட்டா பிசினஸ் சூட், பேரம் பேச வாட்ஸ்அப் பிசினஸ் ஆப், எண்களுக்கு ஒரு கோடு போட்ட நோட்டு. தீபாவளிக்கு முன் உதவிக்கு இரண்டு பெண்களைச் சேர்க்கப் போவதாகச் சொன்னாள். மூன்று பேர் ஒரே செய்திப் பெட்டியைப் பார்க்கத் தொடங்கி, யார் எதை எடுத்தது என்று குழப்பம் வந்தால் அன்றைக்கு ஒரு கருவி வாங்கலாம். அப்போதும் ஆள் கணக்கில் வசூலிக்காத ஒன்றை, இரண்டு வாரம் இலவசமாகப் பார்த்துவிட்டு.

ஒரு வேலை மட்டும் முடிவெடுத்த அன்றே முடித்தோம். ஃபேஸ்புக் அமைப்புகளில், இணைக்கப்பட்ட செயலிகள் பட்டியலைத் திறந்தாள். பதினொன்று இருந்தன. தேர்த் திருவிழா வாழ்த்துப்படம் செய்யப் போட்ட ஒன்று. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வாரம் பார்த்துவிட்டு மறந்த ஒன்று. வேலையை விட்டுப்போன பையன் எப்போதோ சேர்த்த இரண்டு. அதில் ஒன்றுக்குப் பதிவிடவும் செய்திகளைப் படிக்கவும் அனுமதி இருந்தது. ஒவ்வொன்றாக "நீக்கு" அழுத்திக்கொண்டே வந்தாள். இரண்டு மிஞ்சின. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மலேசியாவில் ஈப்போவுக்குப் போக வேண்டிய மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.